திருச்சியிலிருந்து பலாலிக்கு 184 கிலோமீட்டர்: பிறகு ஏன் ஒரு மணி நேரம்?

விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணக்கிட்டுத் தரும் இணையக் கருவிகளில் திருச்சிராப்பள்ளியையும் யாழ்ப்பாணத்தையும் (அதன் விமான நிலையம் இருக்கும் இடமே பலாலி) இட்டால் ஏறத்தாழ 184 கி.மீ. என்று வருகிறது. ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. பறக்கும் என்று வைத்துக்கொண்டு வகுத்தால் 14 நிமிடம்தான் ஆக வேண்டும். டிக்கெட்டிலோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது.

சென்னையிலிருந்து பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். சென்னை–யாழ்ப்பாணம் 354 கி.மீ. திருச்சி வழித்தடத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் அட்டவணைப்படி பயண நேரம் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்று இருபதுக்குள் முடிந்துவிடுகிறது. தூரம் இரண்டு மடங்காகும்போது நேரம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது.

இந்த எண்களில் எதுவும் பிழையில்லை. அவை வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன, அவ்வளவுதான். குறுகிய வழித்தடங்களில் பயண நேரத்தைத் தீர்மானிப்பது தூரம் அல்ல. தரையிலும் தாழ்ந்த வானத்திலும் கழியும், தூரத்தோடு தொடர்பில்லாத நிமிடங்களே அதைத் தீர்மானிக்கின்றன. இந்த ஒரு செய்தி தெளிவானால் டிக்கெட் விலை, ஓடுபாதை விரிவாக்கம், ஜெட் சேவை பற்றிய பேச்சுகள் எல்லாவற்றையும் சரியான அளவில் எடைபோட முடியும்.

## எந்த இரண்டு நிலையங்கள்

யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் நகருக்கு வடக்கே, சாலை வழியே 16 கி.மீ. அளவில், பலாலியில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப் படை அமைத்த தளம் அது. போருக்குப் பின் பயணிகள் விமானங்கள் வந்தன. ஏர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பர் 10 அன்று இயக்கிய அதன் முதல் சேவையே கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து, பலாலியை அடுத்த காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்ததுதான். ஆக, வடக்கு இலங்கையிலிருந்து தமிழகத்துக்கு விமானத்தில் வருவது புதிய கனவு அல்ல. உள்நாட்டுப் போரில் அறுந்துபோன பழைய தொடர்பு.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நின்ற சேவை 2022 டிசம்பர் 12 அன்றுதான் மீண்டது. 2024 செப்டம்பர் 1 அன்று இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 அன்று திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணச் சேவையைத் தொடங்கியது. எல்லாமே ஏடிஆர் 72 வகை விமானங்கள். ஜெட் அல்ல, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு சுழல்விசிறி என்ஜின்கள் கொண்ட, எழுபத்துச் சொச்சம் இருக்கைகள் உள்ள விமானம். இந்த விவரம் கட்டுரை முழுதும் தேவைப்படும்.

## தூரம் எப்படி அளக்கப்படுகிறது

விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று சொல்லப்படுவது, பூமியின் வளைந்த பரப்பின் மேல் ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்கு வரையக்கூடிய மிகக் குறுகிய கோடு. இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். கணக்குக்கு வேண்டியது இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டுமே.

மூன்று நிலையங்களின் இடங்கள் தோராயமாக இவை:

1. சென்னை: வடக்கு 12.99 பாகை, கிழக்கு 80.17 பாகை.
2. திருச்சி: வடக்கு 10.77 பாகை, கிழக்கு 78.71 பாகை.
3. பலாலி: வடக்கு 9.79 பாகை, கிழக்கு 80.07 பாகை.

சென்னையும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருப்பதைக் கவனியுங்கள். சென்னையில் ஏறி நேர் தெற்கே பறந்தால் பலாலி. அதனால் கணக்கு மிக எளிது. இரண்டு அட்சரேகைகளின் வேறுபாடு 3.20 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் 192 கலை. அட்சரேகையில் ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்ற அடிப்படையில்தான் கடல் மைல் என்ற அளவே உருவானது. எனவே விடை 192 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. என்பதால் 356 கி.மீ.

மேலே 354 என்று சொன்னேனே, இரண்டு கிலோமீட்டர் எங்கே போயிற்று? பூமி சரியான கோளம் அல்ல. துருவங்களில் சற்றுத் தட்டையானது. நிலநடுக்கோட்டுக்கு அருகே ஒரு பாகை அட்சரேகை 110.6 கி.மீ. மட்டுமே, உலகச் சராசரியோ 111 கி.மீ.க்குச் சற்று மேல். பூமியைக் கோளமாக எடுத்துக்கொள்ளும் கருவி 356 என்று சொல்லும், தட்டையான வடிவத்தைக் கணக்கில் கொள்ளும் கருவி 354 என்று சொல்லும். ஓர் இணையப் பக்கம் ஒன்றைச் சொல்ல, மற்றொன்று வேறொன்றைச் சொல்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். நகர மையத்திலிருந்து அளப்பதா, விமான நிலையத்திலிருந்து அளப்பதா என்பதிலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மாறிவிடும்.

திருச்சியிலிருந்து பலாலி தென்கிழக்கே இருக்கிறது. வடக்கு–தெற்காக 108 கி.மீ., மேற்கு–கிழக்காக 149 கி.மீ. இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்தால் கர்ணம் 184 கி.மீ. கடல் மைலில் நூற்றுக்குச் சற்றே குறைவு. இத்தனை குறுகிய தூரத்தில் பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே போதுமானது.

## பறக்கும் பாதை அந்தக் கோடு அல்ல

பெருவட்டத் தூரம் வரைபடத்தில் உள்ள கோடு. விமானம் அதே கோட்டில் போவதில்லை. புறப்படும்போது ஓடுபாதை எந்தத் திசையை நோக்கியிருக்கிறதோ அந்தத் திசையில்தான் எழும்ப முடியும். பிறகு திரும்ப வேண்டும். இறங்கும்போது மறுமுனை ஓடுபாதையின் நேர்கோட்டில் பல கிலோமீட்டர் தொலைவிலேயே வந்து சேர வேண்டும். இடையில் வகுக்கப்பட்ட வான்வழிகளும், அவற்றில் பெயரிட்ட புள்ளிகளும் உண்டு. பாக் நீரிணையின் மேல் ஓரிடத்தில் சென்னை வான்தகவல் மண்டலம் முடிந்து கொழும்பு மண்டலம் தொடங்குகிறது. அங்கே ஒரு கட்டுப்பாட்டு அறையிலிருந்து மற்றதற்கு விமானம் ஒப்படைக்கப்படுகிறது.

இவற்றால் கூடும் தூரம் இருபது, முப்பது கிலோமீட்டர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். தில்லி–லண்டன் பயணத்தில் இது கணக்கிலேயே வராது. 184 கி.மீ. பயணத்தில் இது ஆறில் ஒரு பங்குவரை.

திருச்சியின் ஓடுபாதை கிழக்கு–மேற்காகக் கிடக்கிறது. கிழக்கு நோக்கி எழும்பினால் போக வேண்டிய பக்கமே முகம் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் விமானங்கள் காற்றை எதிர்த்து மேற்கு நோக்கி எழும்ப வேண்டியிருக்கும். யாழ்ப்பாணம் போகும் விமானம் முதலில் கரூர் திசையில் ஏறி, பிறகு வளைந்து திரும்பும். பலாலியின் ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காக அமைந்தது. எந்த முனையில் இறங்குவது என்பதையும் அன்றைய காற்றே சொல்லும்.

## டிக்கெட்டில் உள்ள நேரம் எதிலிருந்து எதுவரை

புறப்பாடு 1 மணி என்று டிக்கெட்டில் இருந்தால், ஓடுபாதையை விட்டு விமானம் எழும்பும் நேரம் அதுவல்ல. நிறுத்துமிடத்தில் சக்கரங்களுக்கு வைத்திருக்கும் தடுப்புக்கட்டைகளை எடுத்துவிட்டு விமானம் நகரத் தொடங்கும் நேரம் அது. வந்து சேரும் நேரம் என்பதும் ஓடுபாதையைத் தொடும் நேரம் அல்ல. மறுமுனையில் நின்று கட்டை வைக்கும் நேரம். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை விமானத் துறையில் பிளாக் நேரம் என்கிறார்கள். நிலத்தை விட்டு எழும்பித் திரும்ப நிலத்தைத் தொடும் வரை உள்ளது பறப்பு நேரம். இணையக் கருவிகள் பெரும்பாலும் தருவது பறப்பு நேரத்தின் ஊகம். டிக்கெட் தருவது பிளாக் நேரம்.

பிளாக் நேரத்துக்குள் விமான நிறுவனம் சில நிமிடங்களைக் கையிருப்பாகவும் சேர்த்துவிடும். ஓடுபாதைக்குக் காத்திருக்க நேரலாம், இறங்கும் முன் வட்டமிட நேரலாம். அன்றாடம் தாமதம் என்று பெயர் வாங்குவதைவிட ஐந்து நிமிடம் கூட்டி எழுதிவிட்டுக் குறித்த நேரத்தில் வந்து சேர்வது மேல். "விமானம் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டது" என்று நாம் வியப்பது பல நேரங்களில் இந்தக் கையிருப்பு செலவாகாமல் மிஞ்சியதுதான்.

நேர மண்டலக் குழப்பம் இங்கே இல்லை. இந்தியாவும் இலங்கையும் இன்று ஒரே நேரத்தில் இருக்கின்றன. 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை தன் கடிகாரத்தை முன்தள்ளி வைத்திருந்தது. அதன் பின், கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே என்ற பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது. ஆகவே வந்து சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்தால் பிளாக் நேரம் நேரடியாகக் கிடைக்கும்.

## அந்த அறுபது நிமிடம் எங்கே செலவாகிறது

இனி வரும் எண்கள் ஏடிஆர் 72 விமானத்தின் பொதுவான இயக்கத்தை வைத்துப் போட்ட தோராயக் கணக்கு. ஒவ்வொரு நாளும் மாறும். ஆனால் விகிதம் பெரிதாக மாறாது. திருச்சி–பலாலிப் பயணத்தில் விமானம் 15,000 அடி உயரத்தில் பறப்பதாகக் கொள்வோம்.

1. நிறுத்துமிடத்தில் என்ஜின் இயக்கி, அனுமதி பெற்று நகர்தல்: 4 நிமிடம்.
2. ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்து செல்லுதல்: 7 நிமிடம்.
3. ஓடி எழும்புதல், பயணத் திசைக்குத் திரும்புதல்: 2 முதல் 3 நிமிடம்.
4. 15,000 அடிவரை ஏறுதல்: 12 முதல் 13 நிமிடம்.
5. சமநிலையில் முழு வேகத்தில் பறத்தல்: 3 நிமிடம்.
6. இறங்குதல்: 12 நிமிடம்.
7. ஓடுபாதைக்கு நேராக வந்து தரைதொடுதல்: 5 முதல் 6 நிமிடம்.
8. நிறுத்துமிடம்வரை ஊர்தல்: 4 முதல் 5 நிமிடம்.
9. கையிருப்பு: 6 முதல் 8 நிமிடம்.

மொத்தம் ஒரு மணி நேரத்தை ஒட்டி வருகிறது.

ஐந்தாவது வரியைத் திரும்பப் படியுங்கள். ஏடிஆர் விமானத்தின் வேகம் மணிக்கு 500 கி.மீ. என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கும். அந்த வேகத்தில் அது இந்தப் பயணத்தில் பறப்பது மூன்றே நிமிடம். மற்ற நேரமெல்லாம் அதைவிட மெதுவாக.

ஏன் இப்படி? விமானிகளிடம் பழகிப்போன ஒரு கைக்கணக்கு உண்டு: ஒவ்வோர் ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும். 15,000 அடி இறங்க 45 கடல் மைல், அதாவது 83 கி.மீ. ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு, 75 முதல் 80 கி.மீ. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 160 கி.மீ. மொத்தத் தூரமே 184 கி.மீ. மிச்சம் 24 கி.மீ. மட்டும். தமிழகக் கரையைத் தாண்டிக் கடலுக்குள் சற்று தூரம் போனதும் விமானம் இறங்கத் தொடங்கிவிடுகிறது.

சென்னையிலிருந்து பறக்கும்போது இதே ஏற்றம், இதே இறக்கம். தரையில் ஊரும் நேரமும் ஏறக்குறைய அதே. மாறுவது ஐந்தாவது வரி மட்டுமே. 354 கி.மீ.யில் 160 போக 194 கி.மீ. சமநிலைப் பறப்பு. மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் அதற்கு 23 நிமிடம். திருச்சிப் பயணத்தின் 3 நிமிடத்தோடு ஒப்பிட்டால் 20 நிமிடம் அதிகம். அறுபதோடு இருபதைக் கூட்டினால் எண்பது. அட்டவணையில் காணும் ஒன்று இருபது இப்படித்தான் வருகிறது.

ஆட்டோ மீட்டரில் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று முதலில் விழுந்துவிடும், அதன் பின்தான் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஓடும் அல்லவா? விமான நேரமும் அப்படியே. ஏடிஆர் விமானத்துக்கு அந்தக் குறைந்தபட்சம் ஏறத்தாழ 38 நிமிடம். அதற்கு மேல் ஒவ்வொரு 8.3 கிலோமீட்டருக்கும் ஒரு நிமிடம். திருச்சிக்குப் போட்டுப் பாருங்கள்: 184-ஐ 8.3 ஆல் வகுத்தால் 22. அதோடு 38 சேர்த்தால் 60. சென்னைக்கு: 354-ஐ வகுத்தால் 42 சொச்சம், 38 சேர்த்தால் 80. இதே சூத்திரத்தை வேறு ஏடிஆர் வழித்தடங்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். பரபரப்பான பெருநகர நிலையங்களில் ஊர்தல் நேரம் கூடும் என்பதால் அங்கே ஐந்து பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

## ஜெட் இருந்தால் வேகமாகப் போகுமா

திருச்சி–கொழும்பு தடம் இதற்கு நல்ல ஒப்பீடு. வான்தூரம் 417 கி.மீ. ஜெட் விமானங்கள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்ச் சேருகின்றன. அதாவது பலாலியைப்போல் இரண்டேகால் மடங்கு தூரத்தை அதே நேரத்தில். சென்னை–கொழும்பு 643 கி.மீ.; ஜெட்டில் ஏறத்தாழ ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணிவரை. பாதித் தூரத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்கு ஏடிஆர் எடுத்துக்கொள்வதும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். இதைப் பார்த்து, யாழ்ப்பாணத்துக்கு மெதுவான விமானத்தைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று சிலர் கருதுகிறார்கள். அது சரியான முடிவு அல்ல.

ஏ320 போன்ற ஜெட் விமானம் தன் இயல்பான 35,000 அடிக்கு ஏறவும் அங்கிருந்து இறங்கவும் சேர்த்து 400 கி.மீ. அளவில் எடுத்துக்கொள்ளும். திருச்சி–பலாலியின் 184 கி.மீ.யில் அந்த உயரத்தை அது எட்டவே முடியாது. பாதி உயரத்திலேயே திரும்பி இறங்க வேண்டும். தாழ்ந்த உயரத்தில் காற்று அடர்த்தி அதிகம். ஜெட் என்ஜின் அங்கே எரிபொருளை விழுங்கும், வேகமும் கிடைக்காது. இந்தத் தடத்தில் ஜெட்டால் மிச்சமாகும் நேரம் ஐந்தாறு நிமிடத்தைத் தாண்டாது. சென்னைத் தடத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதற்காக 180 இருக்கைகளை நாள்தோறும் நிரப்பியாக வேண்டும். நிரப்ப முடியாவிட்டால் சேவையே நின்றுபோகும். எழுபத்துச் சொச்சம் இருக்கைகள் கொண்ட ஏடிஆர், இவ்வளவு தூரத்துக்கும் இவ்வளவு பயணிகளுக்கும் பொருத்தமான விமானம். குறுகிய ஓடுபாதையில் எழும்பவும் இறங்கவும் முடிவது அதன் மற்றொரு பலம். பலாலிக்கு இன்று அதுவே முதன்மையான தேவை.

## காற்று எவ்வளவு மாற்றும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தென்மேற்குப் பருவத்தில் திருச்சியிலிருந்து போகும்போது காற்று ஓரளவு பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது எதிர்க்கும். காற்றின் உதவி 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்), அதாவது மணிக்கு 37 கி.மீ., என்று வைத்தால் நூறு கடல் மைலில் மிச்சமாவது இரண்டு நிமிடம். எதிர்த்தால் கூடுவது இரண்டரை நிமிடம். சென்னை–பலாலித் தடத்தில் அதே காற்று பக்கவாட்டில் வீசுவதால் இன்னும் குறைவு. நெடும்பயணத்தில் அரைமணி, முக்கால் மணி மாற்றும் காற்று, இங்கே கையிருப்பு நிமிடங்களுக்குள் கரைந்துவிடும்.

உண்மையில் நேரத்தைக் குலைப்பது வானிலையின் மற்றொரு முகம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வங்கக் கடலில் உருவாகும் இடிமேகங்களைச் சுற்றிப் போக வேண்டிவரும். மழையில் ஓடுபாதை தெரியாவிட்டால் காத்திருக்க வேண்டும், அல்லது வேறு நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு விமானமும் சேருமிடம்வரை, அங்கிருந்து மாற்று நிலையம்வரை, அதற்கு மேலும் அரைமணி நேரம் வட்டமிடும் அளவுக்கு எரிபொருள் வைத்திருக்கிறது. 184 கி.மீ. பயணத்துக்கு அதைவிடப் பல மடங்கு தூரம் பறக்கும் எரிபொருளோடுதான் விமானம் கிளம்புகிறது.

## கட்டணம் ஏன் தூரத்தோடு குறைவதில்லை

"இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, டிக்கெட் ஏன் இந்த விலை?" என்பது நியாயமான கேள்வி. மேலே பார்த்த குறைந்தபட்ச நேரமே பதிலின் பெரும்பகுதி.

1. விமான நிறுவனத்தின் செலவு நேரத்தைப் பொறுத்தது. விமானக் குத்தகை, விமானிகள், பணிப்பெண்கள் எல்லாம் மணிக்கணக்கு. அறுபது நிமிடச் செலவுக்கு 184 கி.மீ. மட்டுமே விற்கப்படுகிறது.
2. மிக அதிக எரிபொருள் எரிவது ஏறும்போது. குறுகிய பயணத்தில் ஏற்றத்தின் பங்கு பெரிது.
3. சக்கரங்கள், பிரேக்குகள், அழுத்தத்தைத் தாங்கும் உடற்பகுதி ஆகியவற்றின் தேய்மானம் ஒவ்வொரு எழும்பல், இறங்கலுக்கும் கணக்காகிறது, கிலோமீட்டருக்கு அல்ல.
4. பன்னாட்டுப் பயணத்துக்கான வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று விதிக்கப்படுகின்றன. நூறு மைல் போனாலும் ஆயிரம் மைல் போனாலும் அவை கிலோமீட்டர் பார்ப்பதில்லை.

நான்காவதை மட்டுமே அரசுகளால் உடனே மாற்ற முடியும். இரு கரைக்கும் இடையே போகிறவர்களில் பெரும்பாலோர் உறவினரைப் பார்க்கவும், மருத்துவத்துக்கும், கோயிலுக்கும், சிறு வணிகத்துக்கும் போகிறவர்கள். அவர்களிடம் நீண்டதூரப் பன்னாட்டுப் பயணிக்குரிய தலைவரியை வாங்குவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

## வீட்டிலிருந்து வீடுவரை

இதுவரை விமானத்தின் நேரத்தைப் பார்த்தோம். பயணியின் நேரம் வேறு. தஞ்சாவூரிலிருந்து யாழ்ப்பாண நகருக்குப் போகும் ஒருவருக்குத் தோராயமாக இப்படி ஆகும்: திருச்சி விமான நிலையத்துக்கு ஒன்றேகால் மணி, பன்னாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும், விமானத்தில் ஒரு மணி, பலாலியில் குடிவரவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முக்கால் மணி, அங்கிருந்து நகருக்கு நாற்பது நிமிடம். மொத்தம் ஆறே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. இதில் விமானம் உண்மையில் வானில் இருக்கும் நேரம் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

ஆகவே இந்தத் தடத்தில் பயணத்தைச் சுருக்க வழி தேடுகிறவர்கள் விமானத்தின் வேகத்தைப் பார்ப்பதில் பயனில்லை. குடிவரவு மேசைகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். எழுபது பேர் மட்டுமே ஏறும் ஒரு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்வது தேவையா என்று கேட்க வேண்டும். பெரிய விமானங்கள் இரண்டு மூன்று ஒரே நேரத்தில் கிளம்பும் வேளையில் யாழ்ப்பாண விமானமும் வைக்கப்பட்டால், அந்த எழுபது பேரும் நானூறு பேர் கொண்ட வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான். விமானம் கிளம்பும் மணியை மாற்றினாலே சில பயணிகளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

கொழும்பு வழியோடு ஒப்பிட்டால்தான் நேரடிச் சேவையின் அருமை புரியும். திருச்சியிலிருந்து 417 கி.மீ. தெற்கே பறந்து, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கி, பிறகு சாலையில் ஏழெட்டு மணி நேரம் வடக்கே திரும்பி வர வேண்டும். தஞ்சாவூர்க்காரருக்கு மொத்தம் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம். சென்னையிலிருந்து கொழும்புக்கு நேர்கோடு போட்டால் அது யாழ்ப்பாணத்துக்கு மிக அருகிலேயே போகிறது. பல ஆண்டுகள் வடமாகாண மக்கள் தங்கள் ஊரை விமானத்தில் கடந்து போய், முந்நூறு கி.மீ. அப்பால் இறங்கி, இரவெல்லாம் பஸ்ஸில் திரும்பி வந்தார்கள்.

கடல்வழியையும் சொல்லியாக வேண்டும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 அன்று மீண்டும் தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 60 கடல் மைல், பயணம் நான்கு மணி நேர அளவு. விமானத்தைவிட மூன்று மணி நேரம் அதிகம்போல் தோன்றினாலும், நாகையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கிளம்புகிறவருக்கு வீட்டிலிருந்து வீடுவரை கணக்கிட்டால் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும்.

## ஓடுபாதை நீண்டால் என்ன மாறும்

பலாலி ஓடுபாதையை நீட்டி ஜெட் விமானங்களைக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை அடிக்கடி எழுகிறது. அதனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியும்.

1. திருச்சி, சென்னை வழித்தடங்களின் பயண நேரம் குறிப்பிடும்படி குறையாது. மேலே சொன்ன ஐந்தாறு நிமிடமும், பத்துப் பன்னிரண்டு நிமிடமுமே எல்லை.
2. இந்தத் தடங்களின் கட்டணமும் தானாகக் குறைந்துவிடாது. பெரிய விமானத்தை நிரப்பும் அளவுக்குப் பயணிகள் வந்தால்தான் ஓர் இருக்கையின் செலவு குறையும்.
3. ஏடிஆர் விமானத்துக்கே ஒரு பயன் உண்டு. ஓடுபாதை நீளமாக இருந்தால் வெப்பமான மதியத்திலும் மழையிலும் கூடுதல் எடையோடு எழும்ப முடியும். பயணியின் பெட்டி பின்தங்கிப் போகும் வாய்ப்பு குறையும்.
4. மிகப் பெரிய மாற்றம் தொலைவான ஊர்களுக்குத்தான். ஏடிஆர் 72 நிறைந்த பயணிகளோடு பறக்கக்கூடிய தூரம் சுமார் 1,400 கி.மீ. சிங்கப்பூரிலிருந்து பலாலிக்கு ஏறத்தாழ 2,800 கி.மீ. வளைகுடா நாடுகள் அதே அளவிலோ அதற்கும் அப்பாலோ இருக்கின்றன. இந்தத் தூரங்களில் குறைந்தபட்ச நேரத்தின் பங்கு சிறுத்து, விமானத்தின் வேகமே பயண நேரத்தைத் தீர்மானிக்கத் தொடங்குகிறது. அங்கிருந்து வருகிறவருக்கு நேரடி ஜெட் சேவை மிச்சப்படுத்துவது, கட்டுநாயக்காவில் இறங்கிச் சாலையில் கழிக்கும் ஏழெட்டு மணி நேரத்தை.

ஆகவே ஓடுபாதை நீட்டிப்பின் பயனைச் சென்னையிலிருந்து எத்தனை நிமிடம் குறையும் என்று அளப்பது தவறான அளவுகோல். புலம்பெயர்ந்தோர் வாழும் நகரங்களில் எத்தனை ஊர்களிலிருந்து கொழும்பைத் தொடாமல் வந்து இறங்க முடியும் என்று அளக்க வேண்டும். திருச்சி, சென்னைப் பயணிகளுக்கு வேண்டியது வேறு: நாள் தவறாத சேவை, குறையும் தலைவரி, விரைவாக நகரும் வரிசை.